நானே ஏலத்தில் எடுத்த பப்பாளி

மனைவி இறந்த பிறகு வந்த முதல் அறுப்பின் பண்டிகை அது. எங்கள் சபையில் அன்றைக்கு ஒவ்வொரு வீட்டாரும் விளைந்ததையோ சமைத்ததையோ கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அவள் இருந்தவரை எங்கள் வீட்டுப் பங்கு அவள் சுடும் கேக். அதற்குச் சண்டையே நடக்கும். எனக்கு அடுப்பில் வைக்கத் தெரிந்தது வெந்நீர் மட்டும். ஆகவே பாயா ரும்புட் ஊரில் இருக்கும் என் வீட்டின் பின்னால் தானாக முளைத்த மரத்திலிருந்து ஒரு பப்பாளியைப் பறித்து, குளிப்பாட்டி, துவட்டி எடுத்துப் போனேன்.

நாமெல்லாரும் கடவுளின் உடைமையைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரர்கள்தான், பணமில்லாதவர் நேரத்தைக் கொடுக்கலாம், கையுழைப்பைக் கொடுக்கலாம் என்று போதகர் பிரசங்கித்தார். நான் பப்பாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைத்தாருக்கும் முறுக்கு டின்னுக்கும் நடுவில், இன்டர்வியூவுக்கு வந்தவனைப் போல அது உட்கார்ந்திருந்தது.

ஏலம் விட்ட மூப்பர் அதைத் தூக்கிக் காட்டினார். "பப்பாளி. அஞ்சு வெள்ளி. யாரு?"

ஒரு சத்தமும் இல்லை. அதை ஏந்திக்கொண்டு நான் தனியாக வெளியே நடந்துபோகும் காட்சி கண்முன் வந்தது. "அஞ்சு" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் என் குரல்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா "ஆறு" என்றார். அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். பயத்தில் ஓட ஆரம்பித்தவனுக்கு நிற்கத் தெரியுமா? "பத்து" என்றேன்.

மூப்பர் என்னை உற்றுப் பார்த்தார். "பிரதர், இது நீங்க கொண்டாந்ததுதானே? குடுக்க வந்தீங்களா, திருப்பி எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

பத்து வெள்ளிப் பணத்தைக் கட்டிவிட்டுப் பழத்தோடு காருக்கு விரைந்தேன். வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார்.

"ஏன் தம்பி எனக்குப் போட்டியா வந்தீங்க?"

"யாருமே கேக்கலன்னு பயந்துட்டேன்மா."

"அதான் நான் கேட்டேனே லா."

பழத்தை நீட்டினேன்.

"இதத் தூக்கிக்கிட்டு செலண்டார் பஸ்ஸுக்கு எங்க போய் நிக்க? கூட்டிட்டு வர்ற மகனுக்கு இன்னிக்கு வேலை."

"கார்ல ஏறுங்கம்மா."

பப்பாளியை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் டிங் டிங் என்று ஒரு சத்தம். இன்ஜின் போய்விட்டது என்றே முடிவு செய்து, ஓரங்கட்டி, பானட்டைத் திறக்க இறங்கினேன். உள்ளே அவர் பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது. அந்த இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் கார் பெல்ட்டைக் கேட்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

செலண்டாரில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "அடுத்த ஞாயிறும் மகனுக்கு வேலையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி, லீவு."

"ஓ, நல்லது" என்றேன்.

அவர் பப்பாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அதுக்கு அடுத்த வாரம் வேலை."

"அப்ப நான் வரேன்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் கார் வாயைத் திறக்கவில்லை.