பிரான்ஸ் கேட்ட மன்னிப்பு

மேல்வீட்டில் ஆணி அடித்தார்கள். பள்ளியில் மாணவர்கள் நடத்திய ‘மாதிரி ஐ.நா. சபை’யில் தலைவர் மேசையைத் தட்டிய அதே சத்தம்.

ஒன்பதாம் வகுப்பில், அண்ணனின் தொளதொள கோட்டில், நான் பிரான்ஸ். தோழி விமலா பெரு. அங்கே யாரும் தன் பெயரில் பேசக்கூடாது. நாடாகத்தான் பேச வேண்டும்.

விமலாவின் இங்கிலீஷ் தடுமாறியது. “பெரு முதலில் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டும்” என்றேன். சபை சிரித்தது. விமலா எழுந்து விதிப்படி முறையிட்டாள். தலைவர் மேசையைத் தட்டி என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

“பிரான்ஸ் வருந்துகிறது” என்று சொல்லி உட்கார்ந்தேன். அதற்குக் கைதட்டல் வேறு.

திரும்பும்போது பஸ்ஸில் விமலா கேட்டாள்: “ஹவ், ஆமா, பிரான்ஸ் சொல்லிடுச்சு. நீ எப்போடி சொல்வே?”

தார்நாகா ஸ்டாப்பில் அவள் இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. வாசலில் மேல்வீட்டுப் பெண்.

“சாரி அக்கா, ரொம்பச் சத்தமா?”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.