யூனிஸ் டீச்சரின் இரும்பு கேட்

சேலையூர் பக்கம் தனியாளாகச் சொந்த வீடு கட்டிக் குடிவந்த முதல் பெண்பிள்ளை யூனிஸ் டீச்சர்தான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அவருக்கு முன்னால் வேறு யாராவது கட்டியிருந்தாலும், டீச்சரிடம் போய் அதைச் சொல்லும் தைரியம் கிழக்குத் தாம்பரத்தில் ஒருவருக்கும் கிடையாது. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவர். ஏன் என்று கேட்டவர்களிடம், "வேண்டாம்னுதான் சொன்னேன், விளக்கம் தரேன்னு சொல்லலையே" என்று சொல்லி வாயை அடைத்தவர். நாற்பது வயதைத் தாண்டியபின் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக வீட்டைக் கட்டி முடித்தார். சுற்றிலும் அப்போது வயலும் முள்ளுக்காடும்தான்.

பெரம்பூரில் இருந்த அண்ணன் லாசரஸுக்கு இந்த வீடு ஆரம்பம் முதலே பிடிக்கவில்லை. 1972 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், மதில் சுவரின் இரண்டு தூண்களுக்கும் நடுவே கட்டியிருந்த ஓலைத் தட்டியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"ஒத்தைப் பொம்பளை இருக்கிற வீட்டுக்கு இதுதான் கதவா? திருடன் வந்தா கும்பிடு போட்டு உள்ளே கூப்பிடுவியா?" என்றார். பிறகு உட்காராமலே தீர்ப்பையும் சொன்னார். "கிறிஸ்மஸ் அன்னிக்கு வேனோட வருவேன். அதுக்குள்ள இரும்பு கேட் நின்னா நீ இங்கேயே இரு. இல்லேன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்களோட வந்துடு."

ஊரையே அதட்டும் டீச்சர், அண்ணனை எதிர்த்துப் பேசமாட்டார். அவர் பேச்சைத் தட்டுவதில்லை என்று சாகக்கிடந்த அம்மாவிடம் கொடுத்த வாக்கு அப்படி. "சரிண்ணா" என்றார். வாழ்நாளில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டது இந்த ஒரு வீடுதான்.

பட்டறைக்கார முனிரத்தினம் மறுநாளே வந்து தூணுக்குத் தூண் அளந்தார், கம்பிகளை அளவாக வெட்டி முற்றத்தில் கொண்டுவந்து போட்டார். அதோடு சரி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பெரிய ஷெட் வேலை ஒன்று வந்துவிட்டது. மீதி பொங்கலுக்கு அப்புறம்தான் என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். மற்ற பட்டறைகளிலும் அதே பதில். வெட்டிப்போட்ட இரும்பு மழையில் துருப்பிடித்துக் கிடந்தது.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த சம்பத்திடம் ஒரு வெல்டிங் மெஷின் இருப்பது டீச்சருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கோ, யாரோ கையால் கம்பி சுற்றிச் செய்த மலிவுச் சரக்கு. கடைக்குப் பின்னால் டயர்களுக்கு அடியில் கிடந்தது.

"அது வேஸ்ட்டு டீச்சர். மூர் மார்க்கெட்ல சல்லிசா கீதேன்னு தூக்கிகினு வந்தேன். எதைப் பத்த வெச்சாலும் புட்டுகினு வந்துடுது. பேஜாரு புடிச்ச மெஷினு" என்றான் சம்பத்.

"எனக்குக் குடு. உன் கடையில வச்சே நான் பண்ணிக்கிறேன்."

"இன்னா டீச்சர் வெளையாட்றியா? இது தையல் மெஷின் இல்ல."

"தெரியுது. ஊசி கொஞ்சம் பெருசு. அவ்வளவுதானே?"

அன்று மாலையே டீச்சர் வந்துவிட்டார். பருத்திப் புடவையை இழுத்துச் செருகி, மேலே இறந்துபோன அப்பாவின் முழுக்கை காக்கிச் சட்டை. ஊரெல்லாம் நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு திரிந்த காலம். நைலக்ஸில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று தையல் டீச்சருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகத்துக்கு முன்னால் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடிப் பலகையை ஒரு கையிலும், உருகி ஒட்டுப் போடும் வெல்டிங் ராடைக் கடித்திருந்த பிடியை மறு கையிலும் எடுத்துக்கொண்டார். கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. நம் ஆட்களுக்கு இதைவிட என்ன வேலை?

முதல் நாள் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. குத்தினால் ஒட்டுகிறது, தீக்குச்சி மாதிரி உரசினால் பற்றுகிறது என்று இரண்டாம் நாள் கண்டுபிடித்தார். ராடை விலக்கிப் பிடித்தால் பொறி நாலாபக்கமும் சிதறியது. தொட்டும் தொடாமலும் கிட்டத்தில் பிடித்தால் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தது. இரும்பின் துருவைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு இன்னொரு வயர் நுனியில் இருந்த எர்த் கிளிப்பை அதில் மாட்டினால்தான் மெஷினுக்கே உயிர் வருகிறது என்பதும் புரிந்தது. மெஷினுக்கு சக்தி குறைவு என்பதால் மெல்லிய ராடையே எடுத்தார். எத்தனையோ வருஷம் பட்டுப்பாவாடைக்கு ஓரம் அடித்த கை. கோடு பிசகவில்லை.

இத்தனை செய்தும் ஒட்டு நிற்கவில்லை. மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால் உள்ளே புழு அரித்ததுபோல் பொத்தல் பொத்தலாக இருந்தது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் இரண்டாகப் பிளந்தது. "நான்தான் சொன்னேனே" என்றான் சம்பத். கூட்டமும் மெஷினைத் திட்டிவிட்டுக் கலைந்தது. டிசம்பர் பாதி கழிந்துவிட்டது. அன்று ராத்திரி டீச்சர் வீட்டுக்குள் போய்க் கொஞ்சம் அழுதார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு மனுஷி என்று பிற்பாடு ஊர் சொன்னதெல்லாம் ஊர் பார்த்ததை வைத்துத்தான்.

மறுநாள் ஒரு ராடு வசமாக ஒட்டிக்கொண்டது. பிடுங்குவதற்குள் முழுசும் கொதித்துப் புகைந்தது. எரிச்சலோடு அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். கொஞ்சம் ஆறியபின், வீணாக்க மனமில்லாமல் அதையே எடுத்துப் பற்றவைத்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது! தட்டிப் பார்த்தால் மீன் செதில் அடுக்கியதுபோல் ஒட்டு. சுத்தியலால் அடித்தார். சம்பத்தும் அடித்தான். கம்பி வளைந்ததே தவிர ஒட்டு விடவில்லை.

சூடு பட்ட ராடு ஓடுகிறது, சூடு படாதது ஓடவில்லை. டீச்சர் மீதி ராடுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சம்பத், இதுல தண்ணி பட்டுதா?"

"சேச்சே! சுத்தமா வெச்சிருக்கேன் டீச்சர். ஆயுத பூஜைக்கு ஒவ்வொண்ணா எடுத்து, நல்லா கயுவி, சந்தனம் குங்குமம்லாம் இட்டேன். அப்பால ஈரத் துணில சுத்தி வெச்சேன்."

"கழுவினியா! ராடு மேல மாவு மாதிரி பூசியிருக்கே, அதுதான்யா அதுக்கு உசுரு. அது தண்ணியைக் குடிச்சிருக்கு. மெஷினைப் போய் திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்!"

"சாமிக்கு வெக்கறதை அழுக்கோட வெக்க முடியுமா டீச்சர்?" என்று சம்பத் கேட்டான். டீச்சர் ராடுகளை ஒன்றுவிடாமல் அள்ளிக் கட்டினார்.

வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெயில் எங்கே? அடைமழை. அடுப்பு விறகிலோ புகையும் ஈரமும்தான். ஆனால் கிறிஸ்மஸ் வாரத்தில் தாம்பரத்து வேதக்காரக் குடும்பங்கள் எல்லாம் கேக் மாவைத் தகரத் தட்டில் ஊற்றி, பெயர்ச் சீட்டு ஒட்டி, ஏசுதாசனின் பேக்கரிக்குத்தான் எடுத்துப்போகும். டீச்சரும் போனார். ஒரு கையில் கேக் தட்டு, மறு கையில் ராடுக் கட்டு. இரண்டிலும் 'யூனிஸ்' என்று சீட்டு.

"இது என்ன டீச்சரம்மா?" என்று ஏசுதாசன் கட்டை முகர்ந்து பார்த்தார்.

"வெல்டிங் ராடு. ரொட்டி எடுத்த பிறகு அடுப்புல சூடு தணிஞ்சிருக்குமே, அப்போ வச்சு எடுங்கண்ணா."

"கர்த்தர் பிறப்புக்கு கேக் சுடற அடுப்பும்மா இது!"

"கர்த்தர் தச்சு வேலை பார்த்த வீட்டுல வளர்ந்தவர். பட்டறைச் சாமானைப் பார்த்து அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

ஏசுதாசன் சிரித்துவிட்டார். ராடுகள் மொறுமொறுவென்று திரும்பி வந்தன. டீச்சர் அவற்றைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடிவைத்தார். வேண்டும்போது ஒன்றுதான் வெளியே வரும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் டீச்சரின் சொந்த ராஜ்ஜியம். கம்பிகளைச் சட்டத்தோடு இடைவெளி இல்லாமல் பொருத்தினார். முழுசாகத் தைக்கும்முன் நூலோட்டம் விடுவதுபோல முதலில் எல்லா மூலையிலும் பொட்டுப் பொட்டாக ஒட்டி, அளவு சரிபார்த்தார். ஒரே பக்கமாகத் தைத்துக்கொண்டு போனால் துணி சுருங்கும். இரும்பும் அப்படித்தான் இழுத்துக்கொள்ளும் என்று ஊகித்து, இந்த மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்தார். கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் சம்பத்தும் நாலு பேரும் தூக்கி மாட்டினார்கள். சம்பத் அதில் தொங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டு இறங்கினான்.

"நானே கட்டின பொண்டாட்டி மாதிரி வெச்சு பாத்துக்குவேன் டீச்சர், அந்த மெஷினை" என்றான்.

"கழுவாம இரு, அது போதும்" என்றார் டீச்சர்.

கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து டீச்சர் வீடு திரும்பியபோது வேன் வாசலில் நின்றது. லாசரஸ் கேட்டுக்கு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளால் முட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"யார் பண்ணது?"

"நான்தான்."

அவர் சந்தோஷப்படுவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். ஆனால் அண்ணன் முகம் விழுந்துவிட்டது. தூணில் சாய்ந்துகொண்டு, வேறெங்கோ பார்த்தபடி பேசினார்.

"பியூலாவுக்கு ஆடி மாசத்துல இருந்தே உடம்பு சரியில்ல யூனிஸ். பிள்ளைங்களைப் பார்க்க ஆள் இல்ல. நீ வந்துட்டா ஒத்தாசையா இருக்கும்னு..."

"அண்ணிக்கு உடம்பு சரியில்லேன்னு அன்னிக்கே ஏன் சொல்லல?"

"தங்கச்சிகிட்ட போய் எப்படிக் கேக்குறது?"

"திருடன் வருவான்னு சொல்ல மட்டும் வாய் வந்துதாக்கும்." டீச்சருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கேட்டிருந்தா அன்னிக்கே உங்க பின்னாடியே வந்திருப்பேண்ணா. அந்த ஓலைத் தட்டியைச் சாத்திட்டு, அப்படியே வந்திருப்பேன்."

டீச்சர் உள்ளே போனார். நாலு புடவையும் பைபிளும் ஒரு சின்னப் பெட்டியில் அடைத்துக்கொண்டு, ஏசுதாசன் சுட்ட கேக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பள்ளிக்கூட லீவு முடியற வரைக்கும் வந்து இருக்கேன். அண்ணியை நல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம், ஒரு ஆளையும் ஏற்பாடு பண்ணுவோம். அப்புறம் என் வீட்டுக்கு வந்துடுவேன்."

கேட்டை இழுத்துப் பூட்டினார். பழக்கதோஷத்தில் சாவிக்காக அண்ணன் கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையில் கேக் டப்பாவை வைத்தார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.