அத்தாயி வைத்த கறுப்பு வில்லை

அத்தாயி விற்கும் மிளகில் பொக்கு இருக்காது. உள்ளே ஒன்றுமில்லாத மிளகையெல்லாம் புடைத்துத் தள்ளிவிட்டுத்தான் சாக்கில் கொட்டுவாள். மலையடிவாரத்துக் காரவள்ளி வியாபாரி அப்பாஸ் அலி அவள் மூட்டையை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை. முகத்துக்காகப் பேசவும் அவளுக்கு வராது. கொல்லிமலையில் எங்கள் பக்கம் அவளை மதிப்பவர்கள் அதிகம், அவளோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு. சென்ற வருடம் மழைக்கு முன்பு அந்தக் குறைந்த பேரும் கொஞ்ச காலம் விலகிப் போனார்கள்.

மலைமேல் நிற்கும் ஆம்புலன்ஸைக் காரவள்ளிக்கு இறக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எந்த ஊரில் எப்போது வண்டி தேவைப்படும் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணித்துச் சொல்லுமாம். சொன்னதும் வண்டி மலையேறி வந்துவிடுமாம். நிஜத்தில் செய்வதற்கு முன் விளையாட்டாக ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஓர் அமைப்பிலிருந்து கோகிலவாணி என்ற பெண் வந்தார். முடிவெடுக்க வேண்டிய அதிகாரியும் உடன் வந்திருந்தார்.

சமுதாயக் கூடத்தின் தரையில் மலையின் படத்தை விரித்தார்கள். கொண்டை ஊசி வளைவுகள், ஊர்கள், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் இருந்தன. ஆட்டத்தில் ஆளுக்கொரு பொறுப்பு. ஜீப் ஓட்டும் ராசுவுக்கு ஆம்புலன்ஸ். ஊர்க்காரர் மாணிக்கத்துக்குச் செல்போன் டவர். சீட்டெடுத்தால் நோயும் ஊரும் வரும். பகடை உருட்டினால் மழை, மரம் விழுதல், சிக்னல் போதல். ஆள் இறந்தால் அந்த ஊரின்மேல் ஒரு கறுப்பு வில்லை வைக்க வேண்டும். நான் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி எடுத்தவள் என்பதால், வண்டி வரும்வரை ஆள் தாங்குமா என்று சொல்லும் வேலை எனக்கு.

முதல் சீட்டு, பாம்புக்கடி. மரம் விழுந்து பாதை அடைத்தது. "தாங்காது" என்றேன்.

"தாங்குமுங்க" என்றார் ராசு. "நாங்க தூளி கட்டித் தூக்கிட்டு வந்திருவோம்."

"எந்தப் பாதையிலங்க?" என்று கோகிலவாணி கேட்டார்.

"எதோ ஒரு பாதையிலங்க. ஆளை உட்டுருவோமா?"

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அடுத்து நெஞ்சுவலி. மாணிக்கம் பகடையை விரலால் புரட்டி, சிக்னல் இருக்கிறது என்றார். கறுப்பு வில்லைகள் அவர் தொடைக்கடியில் போய்விட்டன. காரணம் எங்களுக்குத் தெரியும். உயிரோடு இருப்பவர்களைச் செத்ததாகச் சொன்னால் அந்தச் சொல் வீடு தேடி வரும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. படத்தில் இருந்தவை எங்கள் ஊர்களின் பெயர்கள். எந்த ஊரின்மேல் யார் கை வைக்கும்?

அதிகாரி முகம் மலர்ந்தது. "ஒரு உயிர்கூடப் போகலையே. அப்ப வண்டி கீழ நின்னாலும் பிரச்சினை இல்ல." அவர் பேனாவை எடுத்தார்.

கோகிலவாணி கடைசிச் சீட்டை எடுத்தார். பிரசவ வலி, இரத்தப்போக்கு. பகடையில் கடும் மழை. சீட்டில் எழுதியிருந்தது அத்தாயியின் ஊர்.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவள் மகள் சுமித்ரா, நிறைமாத வயிற்றோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் வேறு கர்ப்பிணி இல்லை.

ராசு அவசரமாகத் தன் பொம்மை வண்டியை மேலே நகர்த்தினார். "நான் இங்கதானுங்க இருந்தேன். ஒரு சவாரி வந்தது."

"நீ காரவள்ளியில இருக்கற" என்றாள் அத்தாயி. "வண்டியக் கீழ வை."

"வேண்டாம் அத்தாயி. புள்ளை உக்காந்திருக்குது."

"அதுக்குத்தான் சொல்றேன். வை."

அவளே பகடையை உருட்டினாள். மரம் விழுந்தது. மறுபடி உருட்டினாள். சிக்னல் போனது. மாணிக்கத்திடம் கையை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. தாங்குமா?" என்று அத்தாயி என் பக்கம் திரும்பினாள்.

சுமித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அளவு இரத்தப்போக்கை நான் பார்த்திருக்கிறேன். "தாங்காது" என்றேன்.

அத்தாயி மாணிக்கத்தின் தொடைக்கடியிலிருந்து ஒரு வில்லையை உருவித் தன் ஊரின்மேல் வைத்தாள். வைத்த இடம் தப்பவில்லை. பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் ஆடுனதெல்லாம் பொக்குங்க. எடை நிக்காது. இத எழுதிக்குங்க."

சுமித்ரா எழுந்து வெளியே போனாள். "பெத்தவளா இவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். மழைக்காலம் முடியும்வரை வண்டி மேலேயே நிற்கட்டும், ஆட்டத்தை மறுபடி ஆடிவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அடுத்த முறை கோகிலவாணி, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மலையை வரைந்து, இல்லாத ஊர்களுக்குப் பெயர் வைத்துக் கொண்டுவந்தார். அந்த ஊர்க்காரர்களை எங்கள் ஆட்கள் கணக்கில்லாமல் சாகவிட்டார்கள். மாணிக்கம் டவரைச் சாய்த்துவிட்டுச் சிரித்தார். சிக்னல் போன ஊரிலிருந்து அழைப்பே வராததால் அங்கே நோயே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வண்டி மேலேயே நின்றுவிட்டது.

ஆனால் முதல் ஆட்டத்தன்றே சுமித்ரா தாயோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைத் தானே போட்டுக்கொண்டாள். வலி வரும்வரை அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

வலி வந்த நாளில் நல்ல வெயில். மரம் விழவில்லை, சிக்னலும் இருந்தது. மேலே நின்ற வண்டி உடனே வந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம்.

குழந்தையைப் பார்க்க வந்த ராசு விடவில்லை. "பாத்தியா அத்தாயி? ஒன்னும் ஆகலை. சும்மா எங்க ஈரக்கொலையப் பதற வெச்சே."

"சும்மாவே போகட்டும்" என்றாள் அத்தாயி, முறத்தைத் தட்டிக்கொண்டே.

அவர் போனபின் சுமித்ரா வாசற்படியில் வந்து நின்றாள். "மறுபடி அந்த மாதிரி ஆட்டம் வந்தா, எம்மேல அந்தக் கறுப்பு வில்லைய வெப்பியா?"

"வெப்பேன்."

சுமித்ரா குழந்தையை நீட்டினாள். "சரி, இவளப் புடி. நான் குளிச்சிட்டு வாரேன்."

அத்தாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.