மிதிக்கப் போட்ட கோலம்

லால்குடி வெள்ளையம்மாளுக்குச் சாலையைக் கடப்பது என்றால் கையைத் தூக்குவது. தலையில் வாழை இலைக் கட்டு. அதைப் பிடிக்க இடக்கை, வண்டிகளை நிறுத்த வலக்கை. திருச்சி மாம்பழச்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கத்து மெஸ்ஸுக்கு இலை போட இருபது வருடமாக அப்படித்தான் கடந்தாள். எந்த வண்டியும் நின்றதில்லை, கொஞ்சம் வளைந்து போகும். ஒருமுறை ஒரு பைக் வளையவில்லை. அன்றிலிருந்து இடது முழங்கால் சரியாக மடங்குவதில்லை.

சென்ற ஆவணியில் அங்கே சாலையின் குறுக்கே நாலு விரல் உயரத்துக்கு மேடு போட்டு, சிவப்பு அடித்து, வெள்ளையில் கோலம் வரைந்திருந்தார்கள். வெள்ளையம்மாள் வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு எல்லோரையும் போல அதைச் சுற்றிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே புகுந்து போனாள்.

நாலாம் நாள், மாநகராட்சிப் பொறியாளர் மலர்க்கொடி அந்த மேட்டில் நின்றிருந்தாள்.

"ஏம்மா, படிச்ச புள்ள, செருப்புக் காலோட கோலத்துல நிக்கிறியே!"

"ஐயோ, மிதிக்கத்தாம்மா போட்டது! நீங்க நடக்குற பாதை இது. மேடு ஏறணும்னா வண்டிக்காரன் வேகத்தக் குறைச்சுத்தானே ஆகணும்?"

"இவ்ளோ அழகாப் போட்டுட்டு மிதின்னா எவ மிதிப்பா?"

"இப்போ சோதனைக்குத்தான் போட்டிருக்கு, யாரும் நடக்கலைன்னா சனிக்கிழமையோட பேத்துடுவாங்க. நடுவுல கம்பி வச்சு அடைச்சுட்டு மேல நடைபாலம் கட்டிடுவாங்க. அப்புறம் படியேறித்தான் கடக்கணும்."

படி! வெள்ளையம்மாள் தன் முழங்காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வலக்கையில் எடுத்துக்கொண்டு கோலத்தில் கால் வைத்தாள். பாதி தூரத்தில் ஒரு பஸ் வந்தது. பழக்கத்தில் வலக்கை உயர்ந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "நின்னுட்டேன்லம்மா! செருப்ப ஏன் காட்டுறீங்க?"

நின்றுதான் இருந்தது. அத்தனை பெரிய பஸ். அதன் பின்னால் லாரி, வேன், ஆட்டோ, எல்லாம். தலையில் இலை சலசலப்பது அவள் காதுக்கே கேட்டது. வெள்ளக் காவிரி தனக்காக ஒதுங்கி வழிவிட்டதுபோல் உடம்பு சிலிர்த்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

"நடங்கம்மா, நாங்களும் வரணும்ல," என்றார் பின்னாலிருந்து முகம்மது கனி. ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிளை அவரும் கோலத்தின்மேல் ஏற்றியிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர்.

சனிக்கிழமை அந்தக் கோலம் முழுக்கக் கால் தடம். "பேக்க மாட்டாங்கம்மா!" என்று மலர்க்கொடி கூவினாள்.

இப்போது வெள்ளையம்மாள் செருப்போடுதான் நடக்கிறாள். பஸ் நின்றதும் வலக்கை மட்டும் இன்னும் தானாக உயர்கிறது; நெற்றியைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குகிறது.