இருபத்திரண்டாம் ஆவர்த்தனம்

யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைக்காதீர்கள். அன்று அம்புரோஸ் கெட்லர் கோட்டு கூட இல்லாமல் பனியில் ஓடி வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

1765, ஜனவரி. ரைன் நதிக்கரையில் ஒரு சின்ன சமஸ்தானம். அம்புரோஸ் அரண்மனை இசைக்குழுவில் ஓபோ என்ற குழல் வாசித்தான். தேவைப்பட்டால் கிளாரினெட்டும் எடுப்பான். அது அப்போது புது வாத்தியம். மூலையில் உட்கார்ந்து எக்காளம் போல இரண்டு முழக்கம் முழங்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும். ஒரு கிளாரினெட் முன்னால் நின்று பாட, மொத்தக் குழுவும் அதற்குத் துணை போகிற கன்செர்ட்டோவை அந்த ஊரில் யாரும் கேட்டதே இல்லை.

இளவரசருக்குக் கேட்க ஆசை வந்துவிட்டது. ஞாயிறு அன்று நன்றாக வாசித்தால் நிரந்தர வேலை. சொதப்பினால் மான்ஹைமிலிருந்து வேறு ஆள் வருவான். அம்புரோஸின் மனைவி வால்புர்காவுக்கு அப்போது எட்டாம் மாதம்.

குழுத் தலைவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய தாள்கட்டை எடுத்துக் கொடுத்தார். இசை எழுதியவர் பெயர் அதில் இல்லை.

வியாழக்கிழமை, மதியம் மூன்றரை. இசைக்கூடத்தில் அம்புரோஸ் பழகிக்கொண்டிருந்தான். கொம்பு வாசிக்கும் டீட்ஸ் அடுப்பருகே குளிர் காய்ந்தான்.

"என்னடா இது, வாத்துக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி!"

"உன் கொம்பு மட்டும் என்ன, குயிலா?"

நான்கு மணிக்கு டீட்ஸ் எழுந்தான். "சீக்கிரம் வீடு போய்ச் சேரு. இல்லன்னா உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா."

கதவு சாத்திக்கொண்டது. அடுப்பில் நெருப்பும் அணைந்திருந்தது.

அம்புரோஸ் முதலிலிருந்து தொடங்கினான். கன்செர்ட்டோவில் குழுதான் முதலில் வாசிக்கும். இருபத்திரண்டு ஆவர்த்தனம் அவன் சும்மா நிற்க வேண்டும். மனதுக்குள் எண்ணினான்.

இருபது... இருபத்தொன்று... இருபத்திரண்டு...

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

தன் மூச்சுதான் என்று நினைத்தான். மறுபடி எண்ணினான். இந்த முறை வாயை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டான்.

இருபத்தொன்று... இருபத்திரண்டு...

ஸ்ஸ்ஸ்...

அவன் இல்லை.

திரும்பினான். காலி நாற்காலிகள். மங்கிய ஜன்னல். சுவர்க் கடிகாரத்தில் நான்கு பதினேழு.

ஊதும் முனையிலிருந்த நாணல் சீவாளியைத் துணியால் துடைத்து, வாத்தியத்தை மேஜையில் வைத்தான். விலகி நின்றான். எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தான். முடியவில்லை.

இருபத்திரண்டு...

ஸ்ஸ்ஸ்...

காதருகே.

கையை நீட்டிச் சீவாளியைத் தொட்டான்.

நனைந்திருந்தது.

வெதுவெதுப்பாக...

ஓடினான். டீட்ஸ் வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் கோட்டை விட்டுவந்தது தெரிந்தது.

"அடுப்புக் குழாயில காத்து அடிச்சிருக்கும்டா," என்றான் டீட்ஸ்.

"நீ போறப்பவே அடுப்பு அணைஞ்சிருந்துச்சு."

வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட அம்புரோஸ் மூன்று நாள் நினைத்தான். வால்புர்காவின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைப்பு அடங்கிப் போனது.

ஞாயிறு, மாலை ஐந்து மணி. கூடம் நிரம்பியிருந்தது. குழு தொடங்கியது. அம்புரோஸின் முதுகு வியர்த்து வழிந்தது.

இருபத்திரண்டு...

ஸ்ஸ்ஸ்...

இந்த முறை அவன் ஓடவில்லை. அந்த மூச்சோடு சேர்ந்து தானும் மூச்சிழுத்தான். அதன் பிறகு நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை. கைதட்டல் கேட்டபோதுதான் கண் திறந்தான். உதட்டில் ரத்தம். இளவரசர் எழுந்து நின்றிருந்தார். வேலை கிடைத்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் ஒட்டிலி அம்மாள் வந்தாள். அரண்மனைக்கு இசைத்தாள் படியெடுத்துத் தரும் விதவை. தாங்கியில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"இது என் எழுத்து, ஐயா."

"நீங்க எழுதினதாம்மா?"

"இருபது வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரருக்காக எழுதினேன். அவர்தான் அப்ப இங்க கிளாரினெட். இதை வாசிக்க ஒரு வாரம் இருக்கும்போது போயிட்டார்."

"மன்னிக்கணும்மா. எல்லாம் அலமாரிக் கட்டுல இருந்துச்சு."

"வயலின் தாளெல்லாம் இருக்கும். இது இருக்காது." அவள் ஒரு அடி பின்வாங்கினாள். "கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு தாள்தான் எழுதினேன்."

"அதனால..?"

"அதை அவர் கையில வெச்சுத்தான் சவப்பெட்டிக்கு ஆணி அடிச்சோம்."