மட்டுவார்குழலிக்கு ஒரு வரி

பிறப்பு இறப்புப் பதிவு குமாஸ்தாவிடம் யாரும் தன் சொந்தக் காரியமாக வருவதில்லை. பிறந்தவருக்கு வரத் தெரியாது, இறந்தவரால் வர முடியாது, நடுவில் இருக்கிறவர்கள்தான் வந்து சண்டை போடுவார்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலுமாக இருபது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலை இது. பள்ளிக்கூடத்தில் ஆஜர்ப் பட்டியல் கூப்பிட்டவர்கள், தபாலில் விலாசம் படித்தவர்கள், யுத்தகாலத்தில் ரேஷன் கார்டு எழுதிக் கை வீங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் பெயரை எழுதிப் பிழைத்தவர்கள் நாம்.

பெண் குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அதிகச் சிரமம் இருந்ததில்லை. கோட்டைப் பக்கம் மீனாட்சி, பாலக்கரை என்றால் அந்தோணியம்மாள், ஸ்ரீரங்கம் என்றால் ரங்கநாயகி. தெருவைக் கேட்டுவிட்டுப் பெயரைப் பாதி எழுதிவிடலாம். அப்படி எழுத முடியாமல் போன ஒரு பெயரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஒன்றரை அங்குலக் கட்டம்

நான் வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். உறையூரிலிருந்து சுப்பராயன் என்று ஒருவர் வந்தார். சுருட்டுக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிறவர். கைவிரல்கள் காபிக்கொட்டை நிறத்தில் இருந்தன. பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது என்றார். அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் பெயர் வைப்பதற்கு முன்பே பதிய வந்துவிடுவார்கள். 'பெண்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவோம். இவர் பெயரோடு வந்திருந்தார். "மட்டுவார்குழலி" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லை. இரண்டு முறை சொல்லச் சொன்னேன். மலைக்கோட்டையில் தாயுமானவர் பக்கத்தில் இருக்கிற அம்மன் பெயர் என்றார். மனைவிக்கு இரண்டு நாள் வலி எடுத்துக் குழந்தை வெளியே வராமல், மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். இவர் மலையேறிப் போய், பெண்ணாகப் பிறந்தால் உன் பெயரையே வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு இறங்கினாராம். எனக்கு அம்மனைத் தெரியும். பல தடவை கும்பிட்டிருக்கிறேன். ஆனால் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பெயரை யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. பெயருக்கு எங்கள் புத்தகத்தில் இருந்த கட்டம் ஒன்றரை அங்குலம். நான் மீனாட்சியும் அம்மன்தானே என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. மேஜையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு நாள் வலிச்சுப் பொறந்த கொழந்தைங்க. ஒரு வரி எழுதறதுக்கு உங்களுக்கு அவ்வளவு வலிக்காதுங்க."

மட்டு என்றால் என்ன

மூன்று மாதம் கழித்து அதே சுப்பராயன் திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது. பெயரில் முன்னால் இருக்கிற 'மட்டு'வை அடித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். துறையூரிலிருந்து வந்த மனைவியின் அண்ணன், மட்டு என்றால் மட்டம், புத்தி மட்டு என்று சொல்வதில்லையா, பிள்ளைக்கு இப்படியா பெயர் வைப்பாய் என்று நாலு பேர் முன்னால் சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து மனைவி குழந்தையைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

பதிவான பெயரை அடிப்பதற்கு மேலதிகாரியின் உத்தரவு வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், எனக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. நல்ல வேளையாக ஒரு தமிழ் வாத்தியார் தன் பேரன் பிறந்ததைப் பதிவதற்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்டேன். மட்டு என்றால் தேன், வார் என்றால் நீண்டது, குழல் என்றால் கூந்தல். தேன் மணக்கும் நீண்ட கூந்தலை உடையவள் என்று பிரித்துச் சொன்னார். சுப்பராயன் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வாத்தியார் அதோடு விட்டிருக்கலாம். படித்தவர் ஆயிற்றே, மட்டுக்குக் கள் என்றும் ஒரு பொருள் உண்டு என்று சேர்த்தார். சுப்பராயன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுந்துகொண்டார்.

"வீட்ல தேன்னு சொல்லிக்கறேங்க. கள்ளு நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

ரங்கநாயகி ஏழு பேர்

நடுவில் இரண்டு வருஷம் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாரதா சட்டம் வந்து, பெண்ணுக்குப் பதினாலு முடிந்தால்தான் கல்யாணம் என்று ஆகியிருந்த சமயம். அதுவரை எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் பிறந்த தேதிக்கு நகல் கேட்டு வர ஆரம்பித்தார்கள். உத்திர வீதியிலிருந்து ஒரு ஐயங்கார் வந்தார். கோயில் கைங்கர்யக்காரர். பெண்ணுக்கு வரன் குதிர்ந்துவிட்டது, வயசுக்குக் காகிதம் வேண்டும் என்றார். பெண் பெயர் ரங்கநாயகி, அவர் பெயர் ரங்கராஜன்.

பழைய புத்தகத்தைப் பிரித்தேன். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ரங்கநாயகி ஏழு பேர். அதில் மூன்று பேருக்கு அப்பா பெயர் ரங்கராஜன். அதிலும் இரண்டு பேர் உத்திர வீதி. ஒன்றைப் பார்த்து எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை, திருமண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார்.

"என் குமாரத்தி மார்கழியில அவதரிச்சவ, ஓய். நீர் கொடுத்த ரங்கநாயகி ஐப்பசி. யாராத்துப் பொண்ணை நான் கன்னிகாதானம் பண்றது?"

பதினைந்து வயது வேண்டும்

அது என் தவறு. ஆனால் இதையே தெரிந்து செய்கிறவர்களும் இருந்தார்கள். பெண்ணுக்குப் பன்னிரண்டு நடக்கும். அதே பெயரில் மூன்று வருஷம் முன்னால் பிறந்த வேறொரு பெண்ணின் நகலை வாங்கிக்கொண்டு போய்த் தாலி கட்டிவிடுவார்கள். மீனாட்சிக்கும் ரங்கநாயகிக்கும் அது சுலபம்.

திருச்சிக்குத் திரும்பி வந்த பிறகு, சுப்பராயனின் மரணத்தையும் நான்தான் எழுதினேன். காய்ச்சல் என்று போட்டிருந்தது. பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு இரண்டரை வருஷம் கழித்துத் துறையூர் மைத்துனர் வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல வேட்டி, நல்ல பேச்சு. தங்கை மகளுக்குக் கல்யாணம், பதினைந்து வயதுக்கு நகல் வேண்டும் என்றார். மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். முதல் சம்சாரம் தவறிவிட்டாள், நானேதான் என்றார். குரலில் எந்தச் சங்கடமும் இல்லை.

பெயர்களை அகர வரிசையில் எழுதி வைத்திருக்கும் அகராதிப் புத்தகத்தில் 'ம' வரிசையைப் பிரித்தேன். மங்களம், மரகதம், மாரியம்மாள், மீனாட்சி எல்லாம் கொத்துக் கொத்தாக இருந்தார்கள். மட்டுவார்குழலி ஒருத்திதான். தேதியைக் கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டுகூட முடியவில்லை. முந்தின வருஷங்களிலும் பாருங்கள் என்றார். அவர் திருப்திக்காக ஆறு புத்தகம் பார்த்தேன். அந்தப் பெயரில் வேறு பிறவியே இல்லை. வீட்டில் மீனாட்சி என்றும் கூப்பிடுவோம், அந்தப் பெயரில் பாருங்களேன் என்றார். பதிவில் இல்லாத பெயருக்கு நகல் கிடையாது என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இந்தச் சட்டம் எல்லாம் செல்லாது, வண்டி கட்டிக்கொண்டு அங்கே போய்க்கொள்கிறேன் என்றார். போகிற போக்கில் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை.

"எங்க மச்சான் உசிரோட இருந்தப்பக்கூட என்னை இப்படித் தடுத்ததில்லைங்க."

பெயர் சொல்லாத தாயார்

நாலு நாள் கழித்து ஒரு பெண்பிள்ளை தனியாக வந்து ஜன்னலருகில் நின்றாள். புகையிலை வாசனை வந்தது. சுருட்டுக் கம்பெனியில் இலைக்குக் காம்பு கிள்ளுகிற வேலை என்று பிறகு தெரிந்தது. மகள் பிறந்த நகல் வேண்டும் என்றாள். வழக்கப்படி நான் முதலில் தகப்பனார் பெயரைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லுகிற வழக்கம் இல்லை. எழுதிக் காட்டவும் தெரியாது. கூட யாரும் இல்லை.

நம்மில் இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த இடத்தில் எத்தனை பெண்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று. தெருவைக் கேட்டு, தொழிலைக் கேட்டு, முருகன் பெயரா பெருமாள் பெயரா என்று விடுகதை போட்டு, கடைசியில் எந்த மீனாட்சி என்று தெரியாமல் ஆளோடு வா என்று அனுப்பிவிடுவோம். நான் மகள் பெயரைக் கேட்டேன். "மட்டுவார்குழலி" என்றாள், ஒரு எழுத்துப் பிசகாமல். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். தேதி, ஊர், தகப்பனார் சுப்பராயன், தெரிவித்தவர் சுப்பராயன் என்று படித்தேன். அந்தப் பெயர் வந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணனை நம்பித்தான் இரண்டு வருஷமாக வீட்டில் உலை வைப்பதாகவும், அவர் பதினைந்து பதினைந்து என்று சொல்லிச் சொல்லித் தனக்கே கணக்குக் குழம்பிவிட்டதாகவும் சொன்னாள். பெண் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், புதுக்கோட்டைப் பேச்சையும் சொல்லுங்கள் என்றேன். அதை அவளே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். பெரிய டீச்சர் அண்ணனைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணை ஊர் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனால் மறுநாள் நான் கலெக்டர் ஆபீசில் இருப்பேன் என்று சொன்னாராம். அண்ணன் அந்த வருஷமே துறையூரில் வேறு பெண் கட்டினார். தங்கை வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவள் காம்பு கிள்ளியே பெண்ணை எட்டாவது வரை படிக்கவைத்தாள். அன்றைக்கு நகலை மடித்து இடுப்பில் செருகும்போது அவள் என்னிடம் சொன்னது இது:

"இது போதுங்க. இனிமே அவன்கிட்ட நான் பேச வேண்டாம், இதுவே பேசிக்கும்."

ஒரே வருஷத்தில் நாலு குழலி

பெயருக்குக் கிராக்கி எப்படி வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பேசும்படம் ஓடினால் ஆறு மாதத்துக்கு அந்தக் கதாநாயகி பெயரை எழுதியே மை தீரும். சுதந்திரம் வந்த வருஷம் ஒரு ரயில்வேக்காரர் இரட்டைப் பெண்களுக்கு ஜெயா, ஹிந்தா என்று வைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வருஷம் உறையூரில் ஒரே தெருவிலிருந்து குழலி என்று வர ஆரம்பித்தது. சித்திரையில் ஒன்று, ஆடியில் இரண்டு. மலைக்கோட்டை அம்மனுக்குப் புதிதாகக் கும்பாபிஷேகம் ஏதாவது நடந்ததா என்று விசாரித்தேன். ஒன்றும் இல்லை.

நாலாவது ஆளிடம் கேட்டேவிட்டேன். தறி நெய்கிறவர். மட்டுவார்குழலி என்று முழுசாக எழுதட்டுமா என்றேன். இருபது வருஷத்தில் எனக்கு அந்தப் பெயர் கைக்குப் பழகியிருந்தது. அவ்வளவு நீளம் வேண்டாம், கூப்பிடுகிற மாதிரி குழலி போதும் என்றார். சரி, அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த தேனையும் கூந்தலையும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒரு ஆசை. அவர் என்னை ஒன்றும் தெரியாத ஆளைப் போலப் பார்த்தார்.

"அர்த்தமா? எங்க தெருப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மான்னு அர்த்தங்க. சுருட்டுக் கம்பெனியில காம்பு கிள்ளற அம்மாவோட பொண்ணு. என் மூத்ததுக்கு அவங்கதான் எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்க."

ஒரு பெயர் எங்கிருந்து வந்தது, என்ன பொருள், ஏன் பரவியது என்று கேட்பதற்கு எங்கள் புத்தகத்தில் கட்டமே கிடையாது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒன்று உண்டு, அதில் என் உத்தியோக காலம் முழுவதும் நான் எழுதியது 'ஒன்றுமில்லை' என்பதுதான்.