ஜாக்கிக்கு வைத்த பொட்டு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? கவனித்துத் திட்டிய இரண்டு பேருக்கும் நன்றி. ஆஸ்பத்திரியில் இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. என் தம்பி செல்வத்துக்குத்தான் வலது கை முறிந்துவிட்டது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்பும் போய்விட்டன. உள்ளே தகடு வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள்.

முறித்தது ஒரு ஜாக்கி.

ஜாக்கி என்றதும் கார் டிக்கியில் கிடக்கும் அந்தக் குட்டிச் சாமானை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு ரகம். ஆள் மார்பு உயரத்துக்கு நிற்கும் ஒரு இரும்புச் சட்டம். அதில் அடியிலிருந்து நுனி வரை வரிசையாக ஓட்டைகள். நீளமான கைப்பிடியை மேலும் கீழும் அடிக்க அடிக்க, ஸ்பிரிங் வைத்த இரண்டு இரும்புப் பின்கள் மாறி மாறி ஓட்டைக்கு ஓட்டை ஏறும். கூடவே பாரமும் ஏறும். சேற்றில் புதைந்த டிராக்டரைக்கூடத் தூக்கிவிடும். நல்ல சாமான்தான்... ஆனால் முன்கோபி. அந்தப் பின்கள் ஓட்டைக்குள் சரியாக உட்காராவிட்டால், மேலே இருக்கிற மொத்தப் பாரமும் கைப்பிடி வழியாக நம் மேலேயே திரும்பி வரும்.

இது செல்வத்துக்குத் தெரியாதா? அவனை விட இதைத் தெரிந்தவன் அவன் ஊரான மாகறலில் கிடையாது. அங்கேதான் சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். ஜாக்கி விஷயத்தில் அவன் ஒரு சாமியார். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் அருள்வாக்கு சொல்வான்.

“மொதல்ல சக்கரத்துக்குக் கல்லு குடுபா. தரை ஈரமா இருந்தா அடியில பலகை போடு. கைப்பிடிய ரெண்டு கையாலயும் கெட்டியா புடி, மூஞ்சிய அதுக்கு நேரா நீட்டாத. தூக்கினதும் கட்டை வெச்சி முட்டுக் குடு. ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில தலைய வுட்டியானா, அப்புறம் அந்தத் தலைய என் கண்ணுல காட்டாத!”

இப்படிப்பட்டவன் கை எப்படி முறிந்தது? அதற்கு ஆயுத பூசைக்குப் போக வேண்டும்.

பூசைக்கு நானும் போயிருந்தேன். டிராக்டர், டிரெய்லர், ஸ்பேனர், மண்வெட்டி என்று எல்லாவற்றையும் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தான். அலங்காரம் முழுக்க அவன் மனைவி ரேவதியின் இலாகா. ரேவதிக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை. நாள் முழுக்கப் புடவை விரித்துக் காட்டுகிற கை. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பார்டர் போடாமல் விடாது. பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை எடுத்துக்கொண்டு ஜாக்கியின் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சந்தன உருண்டை. அதன் நடுவில் ஒரு குங்குமம். கீழிருந்து மேல்வரை ஒன்றைக்கூட விடவில்லை. பின்கள் இருக்கிற இடத்துக்கும் ஒரு அப்பு. உண்மையைச் சொல்கிறேன், அத்தனை அழகாக இருந்தது. நான் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இதயங்களாக வந்து விழுந்தன.

மறுநாள் காலை செல்வம் ஒரு பழந்துணியோடு ஜாக்கியிடம் போனான். ரேவதி பார்த்துவிட்டாள்.

“இன்னாங்க பண்றீங்க? பூசை போட்ட குங்குமத்தத் தொடைப்பாங்களா? தானா உதிரட்டும், வுடுங்க.”

நம் வீடுகளில் ஒரு பெண் குங்குமத்தை அழிக்காதே என்று சொன்னால், அவள் எதை நினைத்துச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவன் பொண்டாட்டியிடம் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டானே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

அதற்கப்புறம்தான் நல்ல மழை. எரு ஏற்றிய டிரெய்லர் ஒன்று வயல் பாதையில் பஞ்சராகி நின்றுவிட்டது. ஐயம்பேட்டையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் யூசுப் பாயை வரச்சொல்லிவிட்டு, செல்வம் ஜாக்கியை எடுத்திருக்கிறான். அடுத்து ரேவதியிடமிருந்து எனக்குப் போன். அழுகையில் பாதி புரியவில்லை. “கை... கை...” என்பது மட்டும் புரிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி செல்வம் வந்தவர்களிடம் எல்லாம் ஒரே கதையைச் சொன்னான். “நான்தான் கவனமில்லாம கைப்பிடிக்கு நேரா குனிஞ்சிட்டேன். என் தப்புதான்.” கேட்டவர்களுக்குக் கொண்டாட்டம். ‘ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே’ என்று ஒருவர் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவனுடைய ஒரே பெருமை அந்தக் கவனம்தான். அதைத்தான் அப்படி ஆளாளுக்குக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எனக்கு ஒன்று உதைத்தது. கைப்பிடிக்கு நேராகக் குனிந்திருந்தால் தாடை அல்லவா போயிருக்க வேண்டும்? முகத்தில் ஒரு கீறல்கூட இல்லையே?

மருந்து வாங்க வெளியே வந்தபோது, பார்க்க வந்த யூசுப் பாயை மடக்கினேன். பாய் தயங்கினார்.

“யாராண்டையும் சொல்லாதன்னு செல்வம் சத்தியம் வாங்கிக்கினாரும்மா. நீ கூடப்பொறந்தவ, அதனால சொல்றேன். கல்லு குடுத்தாச்சி, பலகை போட்டாச்சி, அவுரு ஒதுங்கித்தான் நின்னாரு. ஒரு தப்பும் பண்ணல. அந்தப் பின்னு இருக்குது பாரு, அது ஓட்டை ஓட்டையா சந்தனத்தச் சுரண்டிக்கினே ஏறி, மேல ஒண்ணுல போயி அடைச்சிக்கிச்சி. பாதிதான் உள்ள போயிருந்திச்சி. கல்லு மாதிரி காஞ்சி கெடந்திச்சிம்மா சந்தனம். பாரம் ஏறினதும் கைப்பிடி எகிறிச்சி. அவுரு மூஞ்சியத் திருப்பிக்கினாரு... கை மாட்டிக்கிச்சி.”

செல்போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னும் தெரியவில்லை, ஸ்பிரிங்கும் தெரியவில்லை. சந்தனம்தான் தெரிந்தது. நானும்தானே அங்கே நின்றேன்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

தம்பியிடம் போய்க் கோபமாகக் கேட்டேன். “துணிய எடுத்துக்கினு போனியே, ஏண்டா தொடைக்கல? ‘இது ஆபத்து ரேவதி’ன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா?”

“சொல்லியிருக்கணும்கா. ஆசையா வெச்சாளேன்னு பாத்தேன். வெளிய எடுக்கும்போது குத்தி எடுத்துக்கலாம்னு நெனச்சேன். அன்னைக்கு மழை வேற வந்துக்கினு இருந்திச்சா... ஒரு ஜாண்தானே தூக்கணும்னு வுட்டுட்டேன்.” “அவளாண்ட சொல்லாதக்கா. என் உசுருக்குன்னு வெச்ச குங்குமம். தெரிஞ்சா தாங்க மாட்டா.”

ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கத்துகிறோம். தெரியாதவன் வண்டியை நிறுத்தி, ‘கல் வைத்தாயா’ என்று அதட்டுகிறோம். வீட்டுக்குள் மட்டும், மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொள்கிறோம். அது அன்புதான், சந்தேகமில்லை. அந்த அன்புக்கு விலையாக இப்போது அவன் கைக்குள் தகடு இருக்கிறது. உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டுகிற அசைவு முழுசாகத் திரும்புமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்டியரிங் பிடிக்கிற கை. வயலெல்லாம் நடவுக்குச் சேறடிக்கிற நேரத்தில் டிராக்டர் தார்ப்பாய் போட்டு நிற்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகு ஒருநாள் போயிருந்தேன். செல்வம் தூங்கிக்கொண்டிருந்தான். ரேவதி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“அண்ணி, உங்களுக்குத் தெரியும்தானே?”

“எது?”

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும், நான் கடைக்குப் போயிருப்பேன்னு நெனச்சிக்கினு, ஒத்தக் கையால அந்த ஜாக்கிக்கு டீசல் ஊத்திக் கழுவிக்கினு இருந்தாரு. ஓட்டையிலேர்ந்து குங்குமம் செவப்பா ஓடுச்சி அண்ணி. கதவாண்ட நின்னு பாத்தேன். எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவரு பாக்குறாரு. சரி, தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போறேன்.”

அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. நான்தான் புடவைத் தலைப்பைத் தேடினேன். என்ன சொல்லித் தேற்றுவது? உன் மேல் தப்பில்லை என்றால் பொய். தப்பு என்றால் பாவம்.

“நீங்க பேப்பர்ல எழுதுங்க அண்ணி,” என்றாள். “நம்ம பக்கம் இந்த ஜாக்கி இருக்குற வூட்ல எல்லாம் பொம்பளைங்க என்ன மாதிரியேதான் வெப்பாங்க. பொட்டு வெக்கணும்னா அடித்தட்டுல ஒண்ணு வெச்சா போதும், சாமி கோச்சிக்காது. ஓட்டையிலயும் பின்னுலயும் ஒண்ணும் இருக்கக் கூடாது. சுத்தமாத் தொடைச்சி லேசா எண்ணெ வுட்டு, பாரம் ஏத்துறதுக்கு முன்னாடியே வெறுமனே ஏத்தி எறக்கி, பின்னு டக்கு டக்குன்னு உள்ள வுழுதான்னு பாக்கணும். இதெல்லாம் நானா படிச்சிக்கினேன்.”

எனக்கு வேறு கவலை. “எழுதிடுவேன். உனக்கும் தெரியும்னு அவன் அதுல படிச்சிட்டான்னா?”

எத்தனையோ நாளுக்குப் பிறகு ரேவதி சிரித்தாள்.

“உங்க தம்பி என்னைக்கு அண்ணி நீங்க எழுதுறதப் படிச்சிருக்காரு?”

மாகறல் வாசகர்களே, நீங்களும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.